பதினொரு மணிக்கு சிஸ்டர் வருகிறார்

என் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கூடத்தில் டெலிபோன் அடித்தது. பிரசவத்துக்காக நான் திருவனந்தபுரம் கரமனையில் அம்மா வீட்டில் இருந்தேன். கூப்பிட்டது என் கணவர். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு வேலை. ஆபீஸிலிருந்து பேசினால் எப்போதும் குரலை அடக்கிப் பேசுகிறவர், அன்று ஏறக்குறையக் கத்தினார்.

"கிடைச்சாச்சு! ஒரு சிஸ்டர். நாளைக்கே ஆத்துக்கு வராளாம். பேனா எடுத்துக்கோ, நம்பர் சொல்றேன்."

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கற்றுத் தருவதையே தொழிலாகச் செய்யும் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் கணவருடன் வேலை பார்ப்பவரின் மனைவிக்கு இரண்டு மாதம் முன்பு அவர் உதவியிருக்கிறார். வளைகுடாவில் பிரசவ வார்டில் வருஷக்கணக்காக நர்ஸாக இருந்தவர். அங்கேயே இதற்கென்று தனியாகப் படித்துப் பயிற்சி எடுத்துக்கொண்டவர். ஊருக்குத் திரும்பி, தெற்கே பாறசாலைப் பக்கம் இருக்கிறார். யாராவது கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். அது இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். அப்போது திருவனந்தபுரத்தில் அப்படிப்பட்டவர்கள் வேறு யாரும் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

என் நிலைமை இதுதான். குழந்தை வாய் வைத்த முதல் நொடியிலிருந்து எனக்கு உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணுவேன். இருபது எண்ணுவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். கீழே விட்டால் கால் மணி நேரத்தில் எழுந்து அழுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பி, "பால் போறலையோ?" என்று கேட்டார்கள். சிலர் கேள்வியாகக்கூட இல்லாமல் முடிவாகவே சொன்னார்கள். பூண்டு, மற்ற வீடுகளில் கொடுக்கும் சுறாப் புட்டுக்குப் பதிலாக எங்கள் சைவ வீட்டில் செய்த உளுந்துக் கஞ்சி, வெந்தயம், பப்பாளிக்காய் எல்லாம் ஆயிற்று. பத்தாம் நாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது பிறந்த எடையைவிட இருநூறு கிராம் குறைவு. டப்பா பால் எழுதிக் கொடுத்து, அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் நான் தோற்றபிறகு பாட்டில் வரும். குழந்தை அதைக் கடகடவென்று குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதனால் கணவர் பேசி முடித்ததுமே அந்த நம்பரை அழுத்தினேன்.

"சொல்லு மக்ளே," என்றது எதிர்முனை. தமிழ்தான், ஆனால் எங்கள் தெருத் தமிழ் இல்லை. எல்லைப் பக்கத்துத் தமிழ், பாதி மலையாளம் கலந்து உருண்டு வந்தது. நான் அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவர் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வலி குடிச்சு முடிக்கது வரைக்கும் உண்டா, இல்ல தொடங்கும்போ மட்டும் தானா?"

"முடிக்கற வரைக்கும்."

"செரி. பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. நாளைக்குப் பதினொரு மணிக்கு வாறேன். மூணு காரியம் செய்யணும், கேட்டியா? ஒண்ணு, இப்ப முதல் பிள்ள எப்பக் குடிச்சா, எத்தன துணி நனைச்சா, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வையி. ரெண்டு, நான் வரும்போ பிள்ளைக்குப் பசி வேணும், ஆனா அழுது தளர்ந்து போகக்கூடாது. ஒம்பது மணிக்குக் குடுத்தா மதி, அது போதும். மூணாவது, வீட்டுல எதையும் மாத்தாண்டாம். நீ எங்க இருந்து எப்பிடிக் குடுக்கியோ, அதை அப்பிடியே நான் பாக்கணும்."

ரிசீவரை வைத்துவிட்டு, சிஸ்டர் சொன்ன மூன்றையும் சொன்னேன். பின்னால் நின்றிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதையும் மாற்ற வேண்டாம் என்பதைத் தவிர.

"நாளைக்கா? இந்த ஆத்தைப் பார்த்தயோ?" என்றாள்.

மழைக்காலம். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். அந்த நீளம் முழுக்க அப்பா கயிறு கட்டி, குழந்தையின் துணிகள் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன. குனியாமல் யாரும் நடக்க முடியாது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தனையையும் இழுத்து உருவினாள். ஈரத்துணி, பாதி காய்ந்த துணி எல்லாம் கொல்லைப்புற அறைக்குப் போயின. என் கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்தினாள். கல்யாணத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த பூப்போட்ட விரிப்பு வெளியே வந்தது.

"அம்மா, எதையும் மாத்தக் கூடாதுன்னு சொன்னா."

"அழுக்கா இருக்கணும்னா சொன்னா?"

அப்பா அதற்குள் மேஜையில் உட்கார்ந்துவிட்டார். அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் ஸ்கேலை எடுத்துவிட்டார். நீள வெள்ளைத்தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மேலே தலைப்பு எழுதினார். 'ஆகாரம் – ஆரம்பம்', 'ஆகாரம் – முடிவு', 'நனைந்தது', 'இதர'. 'பால்' என்று எழுதக்கூட அவருக்குக் கூச்சம். இதர என்றால் என்னப்பா என்றேன். தலையைத் தூக்காமலே, "அது அம்மாவுக்குத் தெரியும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு. தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் வீட்டில் ஒரு விசேஷக் களை வந்துவிட்டது. அம்மா விடியும்போதே, வாழையிலையில் மடித்து வேகவைக்கும் இலை அடைக்கு மாவு பிசைந்திருந்தாள். சமையலறையில் பூரணத்துக்கு வெல்லத்தில் கிளறிய பலாப்பழச் சக்கவரட்டியும் தேங்காயும் ஏலக்காயும் கலந்த வாசனை. வருகிறவரை எப்படி உபசரிப்பது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம்.

"அவா டாக்டரா, நர்ஸா, விருந்தாளியா? டாக்டர்னா காப்பி மட்டும் குடுக்கலாம். விருந்தாளின்னா இலை போட்டு ஊணு குடுக்கணும். பதினொரு மணிங்கறது ரெண்டுங்கெட்டான் நேரம் ஆக்கும்."

"மூணும்னு வெச்சுக்கோயேன்."

"அப்போ அடையும் காப்பியும். ஊணுக்கு இருக்கச் சொல்லியும் பார்க்கலாம்."

நானும் சும்மா இல்லை. தலைக்குக் குளித்தேன். பன்னிரண்டு நாளாக ஒரே மாதிரி இரண்டு நைட்டிகளில் கிடந்தவள், புடவையா சுடிதாரா என்று அலமாரி முன்னால் நின்றேன். முன்பக்கம் பட்டன் வைத்த பச்சை நைட்டிதான் சரி என்று தெரிந்தும், அதற்குமேல் பொட்டு, கண்ணில் ஒரு கீற்று மை. கண்ணாடியில் பார்த்தபோது ஏன் இத்தனை அலங்காரம் என்று எனக்கே புரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள். என்னைப் பார்ப்பதற்கென்று ஒருவர் மழையில் பஸ் ஏறி வருகிறார் என்பதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

தலையை அம்மா துவட்டிவிடும்போது கேட்டேன். "எனக்கு எத்தனை மாசம் குடுத்தாய்?"

துண்டு நின்றது. பிறகு மறுபடி துவட்டினாள்.

"உனக்கு டின் பால்தான்."

"முதல்லேருந்தா?"

"எட்டு நாள் பார்த்தேன். எனக்குப் பால் இல்லைன்னுட்டா எல்லாரும். நீ அழுதுண்டே இருந்தாய். டின்னு வாங்கிண்டு வந்தா. அத்தோட தீர்ந்தது." ஈரத்துண்டை உதறி மடித்தாள். "போ, மணி ஒம்பதாகப் போறது. கொழந்தைக்குக் குடு."

இருபத்தாறு வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கொடுத்தேன். வழக்கம்போல வலி, வழக்கம்போல இருபதுக்குள் தூக்கம். அப்பா கதவுக்கு வெளியிலிருந்து, "ஆரம்பம் எத்தனை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முடிவைக் கேட்டவர், "ஒரு நிமிஷம்கூட இல்லையா?" என்று முணுமுணுத்தார். பத்தேகாலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்று சிஸ்டரை அழைத்து வருவது தன் பொறுப்பு என்றார். வீட்டுக்குள் நடக்கப்போகிற காரியத்தின்போது எங்கே இருப்பது என்று அவர் காலையிலிருந்து கவலைப்பட்டது எங்களுக்குத் தெரியும்.

பத்தரைக்கு டெலிபோன். என் கணவர். "வந்தாச்சா?"

"பதினொண்ணுக்கு."

"ஓ, ஆமா."

பத்து ஐம்பதுக்கு மறுபடி. "வந்தாச்சா?"

அந்த மணியோசையில் குழந்தை விழித்துவிட்டாள். முதலில் வாயைச் சப்பினாள். பிறகு கையைச் சப்பினாள். எனக்கு ஒரே சந்தோஷம். பசி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, பரீட்சைக்கு முன்னால் படித்ததெல்லாம் ஞாபகம் வந்த மாதிரி. பதினொன்று ஆயிற்று. பதினொன்று ஐந்து ஆயிற்று. மழை பிடித்துக்கொண்டது. பதினொன்று பத்துக்குக் குழந்தை அழ ஆரம்பித்தாள்.

அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து கொல்லைவரை, கொல்லையிலிருந்து வாசல்வரை நடந்தாள். நான் பின்னாலேயே கிலுகிலுப்பையுடன். அழுகை உச்சிக்கு ஏறியது. பதினொன்று இருபதுக்கு அம்மா சமையலறை அலமாரியை நோக்கித் திரும்பினாள். அங்கே பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வேண்டாம்மா. குடிச்சா தூங்கிடுவா. அவா வந்து எதைப் பார்ப்பா?"

"கொழந்தை நீலமாப் போறது, கேட்டயா."

"சிவப்பாத்தான் இருக்கா. இன்னும் பத்து நிமிஷம்."

"பத்துன்னா பத்துதான். அதுக்கு மேல என்னால இதைக் கேட்டுண்டிருக்க முடியாது."

அந்தப் பத்து நிமிஷத்தின் ஏழாவது நிமிஷத்தில் வாசலில் இரண்டு குடைகள் மடங்கின. அப்பாவின் பின்னால் ஐம்பதைத் தாண்டிய குட்டையான பெண்மணி. முழங்கால்வரை நனைந்த பருத்திப் புடவை, தோளில் பெரிய கறுப்புப் பை. "பாப்பனங்கோட்டுல ஒரே பிளாக்கு, வண்டி அனங்கல்ல, பாத்துக்கோ," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அப்பா ஏன் யார் முகத்தையும் பார்க்காமல் குடையை உதறிக்கொண்டே இருந்தார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து வெள்ளை உடையில் இறங்கிய ஒருவரிடம் ஓடிப்போய், "சிஸ்டர்தானே?" என்று கேட்டிருக்கிறார். அவர் ஆமாம் என்று புன்னகைத்திருக்கிறார். பாதித் தெரு கூட நடந்தபிறகுதான் அவர் கன்னியாஸ்திரி என்றும், தன் கான்வென்டுக்கு வழி காட்டத்தான் இவர் வருகிறார் என்று நினைத்திருந்தார் என்றும் தெரிந்ததாம்.

சிஸ்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பையிலிருந்து தட்டு போன்ற ஒரு எலக்ட்ரானிக் தராசை எடுத்து, அழுகிற குழந்தையை அப்படியே வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பூப்போட்ட விரிப்பைப் பார்த்தார்.

"இங்கயா இருந்து குடுப்பே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "இல்லை. அந்த மூலைல, சுவத்துல சாஞ்சுண்டு."

"அப்போ வா, மூலைக்குப் போவோம். நனைச்ச துணியெல்லாம் எங்க?"

அம்மா அசடு வழியச் சிரித்தாள். நேற்று சாயங்காலம் ஒளித்ததை இன்று அவளே வாளியோடு கொண்டுவந்து வைக்கவேண்டியதாயிற்று. சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், நிறம் பார்த்தார். அப்பாவின் தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். "இது யாரு போட்டது? இப்பிடி ஒரு பேப்பர் எனக்கு யாரும் தந்ததில்ல," என்றார். கதவுக்கு வெளியே ஒரு செருமல் கேட்டது.

மூலையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து, வழக்கம்போல அவள்மேல் குனிந்தேன். வலி சுரீரென்றது. பல்லைக் கடித்தேன்.

"நிறுத்து," என்றார் சிஸ்டர். சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்து மெதுவாக விடுவித்தார். "நீ பிள்ளைக்கிட்டப் போகாண்டாம். பிள்ளையாக்கும் உங்கிட்ட வரணும்." என் முதுகுக்கு ஒரு தலையணை, கைக்கு ஒன்று. குழந்தையின் வயிறு என் வயிற்றில் ஒட்டும்படி திருப்பினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அம்மா கொண்டுவந்து வைத்திருந்த இலை அடைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து இலையைப் பிரித்தார். இந்த நேரத்தில் சாப்பிடுகிறாரே என்று நினைத்தேன்.

"இங்க பாரு. நுனியக் கடிச்சா என்ன கிட்டும்? வெறும் மாவு. வாய நல்லாத் தொறந்து இத்தன உள்ள வச்சாத்தான் சக்கவரட்டி வரும். ஒம் பிள்ள நுனியக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கா. அவளுக்குப் பாலும் இல்ல, ஒனக்கு வலியும் தீரல்ல." சொல்லிவிட்டு ஒரு பெரிய வாய் கடித்து, "நல்லா இருக்கு கேட்டியளா," என்று அம்மாவிடம் சொன்னார்.

மூன்று தடவை சரியாக வரவில்லை. குழந்தை கத்தினாள், எனக்கு வியர்த்தது. நான்காவது தடவை சிஸ்டர், "காத்திரு... காத்திரு... கொட்டாவி மாதிரி தொறக்கட்டும்... இப்ப!" என்றார். தாடை முதலில் பட்டது. வாய் முழுக்க அகன்று கவ்வியது. நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வலி வரவில்லை. இழுப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

"சத்தம் கேக்கா?" என்றார்.

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். க்கு... க்கு... க்கு. அவள் விழுங்கும் சத்தம். பன்னிரண்டு நாளாக நான் கேட்டிராத சத்தம்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன். "கேட்டயா? குடிக்கறா! அம்மா, குடிக்கறா!"

"அசையாதடீ, விட்டுடப் போறா!" என்று அம்மாவும் கத்தினாள். சரியாக அப்போது டெலிபோன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பதினெட்டு நிமிஷம் குடித்தாள். தானாகவே விட்டுவிட்டு, வாயோரம் வெள்ளையாக வழிய, குடித்து மயங்கியவள் போலத் தலை சாய்த்தாள். சிஸ்டர் தராசில் வைத்தார். முன்பு எடுத்ததைவிட நாற்பத்தைந்து கிராம் கூடுதல். "இது ஒம் பாலு. எங்கயும் வாங்கினதில்ல," என்றார். நான் அழுதேன். அது அழுகை என்றும் சொல்ல முடியாது.

டப்பா பாலை இன்றே நிறுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து டாக்டரிடமும் கேட்டுக்கொள் என்றார். தேவைப்படும்போது பாட்டிலில் இல்லாமல் சங்கில் புகட்டச் சொன்னார். கையால் பால் பீய்ச்சுவதையும் செய்து காட்டினார். எல்லாம் முடிந்து காப்பி டம்ளரைக் கையில் எடுத்தபோது, அதுவரை சுவரோரம் நின்றிருந்த அம்மா கேட்டாள்.

"அப்போ... எனக்கும் பால் இருந்திருக்குமோ?"

சிஸ்டருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு அறியாதே அம்மா. இருந்திருக்கும்னு சொன்னா அது சும்மா சொன்னதாயிடும். அண்ணைக்கு யாரும் பக்கத்துல வந்து இருந்து பாக்கல்லியா?"

"யாரும் பார்க்கலை. இல்லைன்னா. நானும் இல்லைன்னு வெச்சுண்டேன்."

"பாத்திருக்கணும்," என்றார் சிஸ்டர். அம்மா தலையை ஆட்டிவிட்டு, "ஊணுக்கு இருங்கோளேன்," என்றாள். சிஸ்டர் இருந்தார். மோர்க்குழம்பை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் என் கணவர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். "ஃபோனை ஏன் யாரும் எடுக்கலை? ஏழு தரம் அடிச்சேன்!" ஷூவைக்கூடக் கழற்றாமல், என்ன நடந்தது, முதலிலிருந்து சொல் என்றார். நான் எழுந்து நின்று தலையணையைக் குழந்தையாக்கி, சிஸ்டரின் குரலில், "நிறுத்து! நீ போகாண்டாம், பிள்ளையாக்கும் வரணும்!" என்று நடித்துக் காட்டினேன். அவர் தலையணையை வாங்கி, எங்கே, நான் செய்கிறேன் என்று தன் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்பா ஏதோ கேட்க உள்ளே வந்தவர், அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. மறுநாள் இரண்டு முறை பழையபடி நுனியைக் கடித்தாள். சனிக்கிழமை ஒருநாள் முழுக்க எனக்குக் கை வரவே இல்லை. சங்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சிஸ்டரைக் கூப்பிட்டேன், டெலிபோனிலேயே நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். திங்கட்கிழமை டாக்டரின் தராசில் முள் பிறந்த எடையைத் தொட்டு, அதைத் தாண்டி நின்றது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க," என்றார்.

திரும்பும்போது மழை கொட்டியது. ஆட்டோவில் அம்மா, நான், குழந்தை. சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. குழந்தை வாயைச் சப்ப ஆரம்பித்தாள். வீட்டுக்கு வெளியே நான் இதுவரை கொடுத்ததில்லை. தலையணை இல்லை, மூலை இல்லை, சாய்ந்துகொள்ளச் சுவரும் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் பக்கத்து மழைத்திரையை இறக்கினாள். பிறகு என் பக்கம் எட்டி இந்தத் திரையையும் இறக்கிக் கொக்கியை மாட்டிவிட்டு, தன் தோளை என் முதுகுக்குக் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போனா மதி," என்று டிரைவரிடம் சொன்னாள். "எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லை."